கோல்ஃப் ஸ்டிக் வாங்கப் போறீங்களா? முதல்ல பல்லைப் பாருங்க!

காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை என்றால் சந்தை. ஆடும் தேங்காயும் வந்து இறங்கும் அந்தச் சந்தையில், என் மாமா முப்பது வருஷமாக ஆடு வாங்கி விற்கிறார். கிரிக்கெட் தெரியும், கபடி தெரியும். கோல்ஃப் என்ற வார்த்தை அவர் காதில் முதன்முதலாக விழுந்தது போன வருஷம்தான். அதுவும் வீட்டில் ஒரு சண்டை நடந்தபோது.

மாமா பையனுக்கு பெங்களூரில் வேலை. ஆபீஸில் ஒருநாள் எல்லோரையும் டிரைவிங் ரேஞ்ச் ஒன்றுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். வரிசையாக நின்றுகொண்டு ஒரு கூடைப் பந்தை எதிரே இருக்கும் புல்வெளியில் அடித்துத் தள்ளும் இடம் அது. முப்பது பந்தில் இருபத்தெட்டு தரையிலேயே உருண்டன. மீதி இரண்டு பறந்தன. அந்த இரண்டு போதும், ஆள் விழுந்துவிட்டார்.

அடுத்த மாதமே ஆன்லைனில் ஒரு விளம்பரம். பிரபலமான அமெரிக்க பிராண்டு, 14 கிளப், பையோடு 32,000 ரூபாய். கடையில் லட்சத்தைத் தாண்டும் செட். அட்வான்ஸ் அனுப்பினார், பார்சல் வந்தது, பளபளவென்று இருந்தது. மூன்றாவது வாரம் ரேஞ்சில் ஓங்கி ஒரு அடி. பந்து அங்கேயே இருந்தது, கிளப்பின் தலை மட்டும் தனியாகக் கழன்று பறந்தது. பக்கத்தில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த கோச் வந்து மற்ற கிளப்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ``எல்லாமே டூப்ளிகேட் தம்பி'' என்று சொல்லிவிட்டார். விற்றவரின் போன் அன்றிலிருந்து ஸ்விட்ச் ஆஃப்.

அந்த 32,000-ல் பாதி, தங்கச்சியின் காலேஜ் ஃபீஸுக்காக வீட்டில் சேர்த்துவைத்த பணம். `ஒரு மாசத்துல போட்டுடலாம்' என்று எடுத்திருக்கிறார். விஷயம் வெளியே வந்தபோது மாமா திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

``தானமா வந்த மாட்டைத்தான்டா பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கற மாட்டை பல்லைப் பாப்போம், நடக்க வுட்டுப் பாப்போம். நீ இதை என்னத்தைப் பாத்து வாங்கினே?''

``போட்டோ பார்த்துப்பா.''

அந்தப் பதிலுக்கு அப்புறம் வீட்டில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அன்றைக்கு அங்கே நானும் இருந்தேன். இந்தக் கட்டுரை அப்படிப் பிறந்ததுதான். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகும் நிறைய இளைஞர்கள் இப்போது கோல்ஃப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். அவர்களுக்கும், `என் பையன் ஏதோ ஸ்டிக் வாங்கணும்ங்கறான்' என்று முழிக்கும் பெற்றோருக்கும் இது உதவலாம்.

14 வேண்டாம், 7 போதும்!

முதலில் ஒரு விஷயம். நாம் `ஸ்டிக்' என்று சொல்வதை அவர்கள் `கிளப்' என்பார்கள். ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 14 கிளப்தான் பையில் இருக்கலாம் என்பது விதி. பலர் இதை 14 கட்டாயம் இருக்க வேண்டும் என்று தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். குறைந்தபட்சம் இத்தனை என்று எந்த விதியும் கிடையாது. ஒரே ஒரு கிளப்பை வைத்துக்கொண்டும் ஆடலாம்.

அப்படி ஆரம்பித்தவர்தான் ஸ்பெயின் நாட்டின் செவே பாலஸ்டெரோஸ். சின்ன வயதில் அவர் கையில் இருந்தது அண்ணன் கொடுத்த ஒரு பழைய 3-ம் நம்பர் அயர்ன் மட்டும். கடற்கரை மணலில் அதை வைத்தே எல்லா விதமான ஷாட்டும் பழகினார். பின்னாளில் பிரிட்டிஷ் ஓப்பனை 3 முறையும், அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் பட்டத்தை 2 முறையும் வென்றார்.

நமக்கு ஒன்று போதாதுதான். ஆனால் ஏழு தாராளமாகப் போதும். இதைத்தான் `ஹாஃப் செட்' என்கிறார்கள்.

* ஹைபிரிட் - 1: தூரமாக அடிக்க. புதியவர் கைக்கு டிரைவரைவிடச் சுலபமாக அடங்கும்.
* அயர்ன் - 3 (5, 7, 9): நம்பர் ஏற ஏற பந்து உயரமாகப் போகும், தூரம் குறையும். பயிற்சியை 7-ம் நம்பரில் ஆரம்பிப்பது வழக்கம்.
* வெட்ஜ் - 2 (பிட்சிங், சாண்ட்): குழிக்குப் பக்கத்தில் வந்ததும் பந்தைத் தூக்கிப் போட ஒன்று, மணல் பள்ளத்திலிருந்து வெளியே எடுக்க ஒன்று.
* பட்டர் - 1: கடைசியில் பந்தை உருட்டிக் குழிக்குள் தள்ள.

பட்டியலில் டிரைவர் இல்லையே என்கிறீர்களா? நீளமான கைப்பிடியும் பெரிய தலையும் கொண்ட கிளப் அது. டிவியில் பார்த்ததும் எல்லோருக்கும் ஆசை வருவது அதன் மேல்தான், விலையும் அதற்குத்தான் அதிகம். பெரிய பிராண்டின் புது மாடல் டிரைவர் ஒன்றே 50,000 ரூபாயைத் தொடும். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 18 குழிகள் கொண்ட மைதானத்தில் `பார்' என்பது பெரும்பாலும் 72 அடி. ஒவ்வொரு குழிக்கும் 2 முறை பட்டரால் தட்டுவதாக வைத்துத்தான் அந்த 72 வருகிறது. அதாவது 36 அடி, சரிபாதி, பட்டருக்குச் சொந்தம். டிரைவரை எடுப்பதோ ஒரு ஆட்டத்துக்கு அதிகம் போனால் 14 தடவை. முதல் வருஷம் டிரைவர் இல்லாமல் ஓட்டினால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

புதுசா, பழசா?

பட்ஜெட் குறைவு என்றால் இரண்டு வழி. டெகத்லான் போன்ற கடைகளில் அவர்களின் `இனெசிஸ்' கிளப்புகளை ஒவ்வொன்றாகவே வாங்கலாம். மாதத்துக்கு ஒன்று என்றுகூடச் சேர்க்கலாம். பில் இருக்கும், மாற்றித் தர ஒரு கடை இருக்கும். அதனால் ஏமாற வாய்ப்பில்லை.

இன்னொரு வழி, நல்ல பிராண்டின் பழைய செட். கோல்ஃப் ஆடுகிறவர்கள் புது மாடல் வந்ததும் பழையதை விற்றுவிடுவார்கள். அயர்ன்கள் பத்து வருஷம் பழையதாக இருந்தாலும் புதியவருக்கு அது ஒரு குறையே இல்லை. தலையின் பின்பக்கம் குழிவாக, ஓரங்களில் கனமாக இருக்கும் `கேவிட்டி பேக்' வகையாகப் பார்த்து வாங்குங்கள். பந்து நடுவில் படாமல் கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் அது காப்பாற்றிவிடும். பின்பக்கம் வழுவழுவென்று கத்தி போல இருக்கும் `பிளேடு' வகை பார்க்க அழகு. அது கைதேர்ந்தவர்களுக்கானது. சில சமயம் மலிவாகக் கிடைக்கும், ஆசைப்படாதீர்கள்.

பழைய செட்டில் `பல்' எங்கே இருக்கிறது?

நேரில் பார்க்காமல் வாங்கவே கூடாது. பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை இவை.

1. முகத்தில் உள்ள கோடுகள்: வெட்ஜ், அயர்ன் முகத்தில் வரிவரியாகப் பள்ளக் கோடுகள் இருக்கும். நகத்தால் வருடினால் தட்டுப்பட வேண்டும். மழமழவென்று தேய்ந்திருந்தால் பந்து சுழலாது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

2. கழுத்து: தலையும் தண்டும் சேரும் இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். அங்கே இடைவெளி தெரிந்தாலோ, தலையைப் பிடித்துத் திருகினால் ஆடினாலோ பசை விட்டிருக்கிறது என்று அர்த்தம். என் மாமா பையனுக்குப் பறந்தது அங்கேதான்!

3. தண்டு: ஸ்டீல் என்றால் துரு, வளைவு. கண்ணுக்கு நேராகத் துப்பாக்கி பிடிப்பதுபோலப் பிடித்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். கிராஃபைட் என்றால் விரலால் மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். கீறல் ஆழமாக இருந்தால் ஒருநாள் பாதியில் உடையும்.

4. சத்தம்: டிரைவர், ஹைபிரிட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே `கலகல' என்றால் ஏதோ உதிர்ந்திருக்கிறது. பந்து படும் முகத்திலும் மேல்பக்கத்திலும் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. கிரிப்: கைப்பிடி ரப்பர் கெட்டியாகி வழுக்கினால் மாற்ற வேண்டும். ஒரு கிளப்புக்குச் சில நூறு ரூபாய்தான், ஆனால் ஏழுக்கும் சேர்த்தால் ஒரு தொகை வரும். விலை பேசும்போதே அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நடக்க விட்டுப் பார்ப்பது. ரேஞ்சில் வைத்து ஒரு கூடைப் பந்து அடித்துப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். `அதெல்லாம் முடியாது' என்று விற்பவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதல் அடையாளம் விலை. லட்ச ரூபாய் செட் `பிரிக்காத பாக்கெட்டில்' மூன்றில் ஒரு பங்குக்கு வருகிறதென்றால் யோசியுங்கள். பெயர் எழுத்தின் வடிவம், பள்ளத்துக்குள் பெயின்ட் வழிந்திருப்பது போன்றவற்றை கம்பெனியின் வெப்சைட் படத்தோடு ஒப்பிடுங்கள். பல பிராண்டுகளில் தலையின் கழுத்துப் பகுதியில் சீரியல் நம்பர் பொறித்திருப்பார்கள். அந்த நம்பரை அந்த பிராண்டின் டீலரிடம் காட்டிக் கேட்கலாம். நம்பரை போட்டோ எடுத்து அனுப்ப விற்பவர் தயங்கினால், அதுவே பதில்.

உங்கள் உடம்புக்கு எது?

தண்டின் வளையும் தன்மையை எழுத்தால் குறிப்பார்கள். சராசரி வேகத்தில் வீசும் ஆண்களுக்கு `ஆர்', ஓங்கி வேகமாக வீசுபவர்களுக்கு `எஸ்', வயதானவர்களுக்கு `ஏ', பெண்களுக்கு `எல்' என்பது பொதுவான கணக்கு. எல்லா கம்பெனிக்கும் ஒரே அளவுகோல் கிடையாது என்பதால் அடித்துப் பார்ப்பதே மேல். சராசரி உயரம் உள்ளவர்களுக்கு ஸ்டாண்டர்டு நீளமே சரியாக இருக்கும். இடதுகைக்காரர்களுக்குப் பழைய செட் கிடைப்பது கஷ்டம், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

குழந்தைகளுக்கு அப்பாவின் பழைய கிளப்பை அறுத்துக் கொடுக்காதீர்கள். நீளம் குறையும், தலையின் கனம் குறையாது. உயரத்தை அளந்து அதற்கேற்ற சிறுவர் செட் வாங்குங்கள். இரண்டு வருஷத்தில் வளர்ந்துவிடுவார்கள், ஆகவே அதையும் பழசாகவே வாங்கலாம்.

ஸ்டிக்கோடு முடியாத செலவு

ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டில் கிளப் சின்னச் செலவு. ரேஞ்சில் பந்துக் கூடைக்குக் காசு, மைதானத்தில் இறங்கக் கட்டணம், பை தூக்கி வரும் கேடிக்குக் கூலி. நகரத்தின் பெரிய கிளப்புகளில் உறுப்பினராக லட்சங்கள் வேண்டும், வருஷக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். ஆகவே முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள். பல ரேஞ்சுகளில் கிளப்பை வாடகைக்கே தருகிறார்கள். மூன்று மாதம் கழித்தும் ஆசை இருந்தால் அப்போது வாங்கலாம். ஷூவுக்கு உங்கள் சாதாரண ரப்பர் ஷூவே ஆரம்பத்துக்குப் போதும். வலதுகைக்காரர்களுக்கு இடது கைக்கு மட்டும் ஒரு கிளவுஸ். பந்து, ஏற்கெனவே ஆடியதை மலிவாக வாங்கலாம். எப்படியும் முதல் வருஷம் பாதிப் பந்து புதருக்குள்தான் போகப்போகிறது!

பணக்காரர்கள் ஆட்டம் என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முழு உண்மை இல்லை. டெல்லி கோல்ஃப் கிளப்பில் மற்றவர்களின் பையைத் தூக்கிய அலி ஷேர், 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் ஆனார். மும்பை செம்பூரில் கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்துக் குடிசைப் பகுதியில் வாழும் கேடிகள், கட்டட வேலைக்கான இரும்புக் கம்பியை வளைத்துக் கிளப் செய்து, பிளாஸ்டிக் பந்தை வைத்து சந்துகளிலேயே ஆடுகிறார்கள். பெங்களூர்ப் பெண் அதிதி அசோக், டோக்கியோ ஒலிம்பிக்கில் நூலிழையில் பதக்கத்தைத் தவறவிட்டு 4-வது இடம் பிடித்தபோது, கூடவே பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவருடைய அம்மா.

மாமா பார்த்த பல்

மாமா பையன் ஃபீஸ் பணத்தை ஐந்து மாதத்தில் திருப்பிக் கட்டினார். அதன் பிறகுதான் மறுபடி கிளப் பேச்சை எடுத்தார். இந்த முறை விற்கிறவர் ரேஞ்சுக்கு வரும் ஒரு ரிட்டயர்டு பெரியவர். ஏழு கிளப், பை, 11,000 ரூபாய் சொன்னார். ``நானும் வரேன்'' என்று மாமாவும் பஸ் ஏறிவிட்டார்.

கோல்ஃப் பற்றி ஒன்றும் தெரியாத மாமா, ஒவ்வொரு கிளப்பையும் கையில் வாங்கினார். தண்டை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தலையைத் திருகினார். முகத்தை நகத்தால் சுரண்டினார். சாண்ட் வெட்ஜைத் தனியாக எடுத்துவைத்து, ``இது தேஞ்சுபோச்சுங்களே'' என்றார். பெரியவர் சிரித்துவிட்டார். ரப்பர் மாற்றும் செலவையும் சேர்த்துக் கழித்து, 8,500-க்கு முடிந்தது. மாமா சந்தைப் பழக்கத்தில் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், விரலைப் பிடித்து விலை பேச. அப்புறம் இடம் நினைவுக்கு வந்து மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

இப்போது லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம், கடலை பிடுங்கிய கொல்லையில் பிளாஸ்டிக் பந்தை அடித்துப் பழகுகிறார் மாமா பையன். தங்கச்சி பந்து பொறுக்கித் தருகிறாள், பத்துப் பந்துக்கு ஒரு ஐஸ்கிரீம் என்று பேச்சு. போன பொங்கலுக்கு மாமாவும் 7-ம் நம்பரை வாங்கி ஒரு வீசு வீசினார். பந்து அசையவில்லை, கொஞ்சம் மண் பறந்தது.

``ஸ்டிக்கு நல்லாத்தான் இருக்குது. ஆளுதான் பழசு'' என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டப் போனார்.