உயில் நிறைவேற்றாளர் கணக்குக் காட்டாவிட்டால்?

அப்பா எழுதிய உயிலில் நிறைவேற்றாளராகச் சித்தப்பா பெயரோ மூத்த மகன் பெயரோ இருக்கும். அதை வைத்தே தோப்பு முழுவதும் தனக்குத்தான் என்று நடந்துகொள்பவர்கள் உண்டு. தேங்காய் விற்ற பணம் எங்கே என்று தங்கை கேட்டால், "அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். அந்த அப்புறம் வருவதேயில்லை!

கடன்களை அடைத்து, மீதியை உயிலில் கண்டபடி பிரித்துக் கொடுப்பதே அவர் வேலை. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 இதில் கறாரானது. புரோபேட் பெற்றவர், நீதிமன்றம் வேறு கெடு தராவிட்டால், 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும் (பிரிவு 317). தெரிந்தே பொய்க் கணக்குக் கொடுப்பது குற்றம். சொத்தை முறைகேடாகப் பயன்படுத்தி நட்டம் விளைவித்தால் அவரே ஈடுகட்ட வேண்டும் (பிரிவு 368).

அவரை நீக்கி, வேறொருவரை அமர்த்தும் அதிகாரம் பிரிவு 301-இன்படி உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. தாலுகா நீதிமன்றத்துக்கு அலைய வேண்டாம். பேச்சுவார்த்தை இல்லை, மனஸ்தாபம் என்பதெல்லாம் அங்கே எடுபடாது, ஆதாரம் வேண்டும். குத்தகைச் சீட்டு, வியாபாரி கொடுத்த ரசீது, வங்கிப் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். முதலில் கணக்குக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையையும் அதே கோப்பில் வையுங்கள்.