‘ஐ7’ என்றால் வேகமா?

எஸ்பிஎம் முடிவு வந்த கையோடு பிள்ளைகள் கேட்பது இப்போதெல்லாம் மோட்டார் சைக்கிள் அல்ல, கணினி. நான் வானொலியில் பேசுகிறவன். ஆனாலும் பித்தானைத் தட்டுகிற எவனுக்கும் கணினி தெரியும் என்பது எங்கள் உறவினர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை.

அக்கா மகன் அனிமேஷன் டிப்ளோமா படிக்கப் போகிறான். ஓவர்டைம் செய்து அக்கா சேர்த்து வைத்திருந்தது 3,000 ரிங்கிட். “மாமா, ஐ7 கேமிங் செட்டே 2,000-க்குள்ள கிடைக்குது!” என்று ஒரு விளம்பரத்தைக் காட்டினான். வண்ண வண்ணமாக ஒளிரும் காற்றாடிகள். கீழே சின்ன எழுத்தில், ஐ7-4770 புரோசசர், ஜிடி 730 கிராஃபிக்ஸ் கார்டு. முன்னது 2013-இல் வந்தது, பின்னது 2014-இல். அந்தப் புரோசசர் விண்டோஸ் 11-க்கான பட்டியலிலேயே இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் ஒரே தலைமுறைக்குள் உள்ள படிநிலைதான். 2022-இல் வந்த ஐ3-12100எஃப்-இலும் அதே நான்கு கோர்கள்தான். ஆனால் அந்தப் பழைய ஐ7-ஐ அது எளிதில் முந்திவிடும்.

சரி, நல்ல புரோசசரிலேயே பணத்தைக் கொட்டலாமா? எங்கள் நிலையத்தை வைத்துச் சொல்கிறேன். தயாரிப்பாளர் குறிப்பு எழுதித் தந்தால்தான் அறிவிப்பாளர் பேச முடியும். குறிப்பு தாமதமானால் எப்பேர்ப்பட்ட குரலும் மௌனம்தான். அறிவிப்பாளர் திக்கினால் குறிப்புகள் மேசையில் குவியும். விளையாட்டில் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று கணக்கிட்டுத் தருவது புரோசசர். அதைத் திரையில் வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமானால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது 16.7 மில்லி விநாடிதான். இருவரில் மெதுவானவர் எவரோ, அவர் வேகம்தான் கணினியின் வேகம்.

திரையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1080பி திரையில் ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகள், 1440பி-இல் 36 லட்சத்துக்கும் மேல். இந்தக் கூடுதல் சுமை முக்கியமாகக் கார்டின் தலையில்தான் விழும். வீட்டில் ஏற்கெனவே கணினி இருந்தால், விளையாட்டு ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஜிபியு 95 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால் கார்டு முழு மூச்சில் உழைக்கிறது என்று பொருள். அது 60-இல் நிற்க, படமும் தடுமாறினால் பெரும்பாலும் புரோசசர்தான் பின்தங்குகிறது. அந்த நிலையில் புதிய கார்டு வாங்குவது வீண் செலவு.

மருமகனுக்கு ஐ5-12400எஃப்-ஓடு நிறுத்திக்கொண்டோம். ஆறு கோர், படிப்புக்குத் தாராளம். அதன் விலையைப் போல் இரு மடங்குக்கும் மேல் கார்டுக்கு ஒதுக்கினோம். 12 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060. பிளெண்டர் மென்பொருளில் காட்சிகளை உருவாக்க அவனுக்கு அது கைகொடுக்கும். மானிட்டர் பழையதுதான், 1080பி. லோயாட் பிளாசாவில் ஒரு கடைக்காரர், கேசிங்கோடு வரும் பவர் சப்ளையே போதும் என்றார். நான் ஒப்பவில்லை. அந்தக் கார்டு மட்டுமே 170 வாட் இழுக்கும். நம்பகமான 550 வாட் ஒன்றைத் தனியாக வாங்கினோம். ஒளிரும் காற்றாடிகள் அதற்காகத் தியாகம் செய்யப்பட்டன. பையனுக்கு இரண்டு நாள் முகம் சரியில்லை.

இன்டெல் புரோசசர் பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் அதை வாங்கினால் திரையில் எதுவும் தெரியாது. கணக்கு வழக்கு, பள்ளிப் பாடம், யூடியூப் போதும் என்கிற வீட்டுக்குத் தனிக் கார்டே வேண்டாம். ரைசன் 5 5600ஜி போன்ற, கிராஃபிக்ஸ் உள்ளமைந்த புரோசசரே போதும். அதற்கு 16 ஜிபி ரேமை ஒரே துண்டாகப் போடாமல் இரண்டு 8 ஜிபி துண்டுகளாகக் கேளுங்கள், படம் இன்னும் சீராக ஓடும். நிகழ்ச்சிகளுக்கு நான் ஒலி வெட்டி ஒட்டுகிற கணினியும் இப்படித் தனிக் கார்டு இல்லாததுதான்.