957 கிலோமீட்டர் – எத்தனை நேரம்?

தூரத்தை வேகத்தால் வகுத்தால் காலம். இந்தக் கணக்கு நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான். இதையே பூமியின் வடகோடியில் இருக்கும் இரண்டு விமான நிலையங்களுக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஒன்று, நார்வே நாட்டின் வடபகுதியில் உள்ள ட்ரோம்சோ. இன்னொன்று, அதற்கும் வடக்கே, கடல் தாண்டி ஸ்வால்பார்டு தீவுகளில் உள்ள லாங்இயர்பியன். அங்கிருந்து வடதுருவம் சுமார் 1,300 கி.மீ.தான்! பயணிகள் விமானம் வழக்கமாக வந்துபோகும் ஊர்களில் உலகிலேயே வடக்கே இருப்பது இதுதான்.

தூரம் எவ்வளவு?

ட்ரோம்சோ 69.7 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. லாங்இயர்பியன் 78.2 டிகிரியில். வித்தியாசம் 8.5 டிகிரி. ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கி.மீ. பெருக்கினால் 944 கி.மீ. வரும். லாங்இயர்பியன் கொஞ்சம் மேற்கே தள்ளி இருப்பதால் சாய்வாகப் போகணும். அதையும் சேர்த்தால் சுமார் 957 கி.மீ.

வரைபடத்தை நம்பலாமா?

மெர்கேட்டர் முறையில் வரைந்த உலகப்படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் ஏமாந்துபோவோம். உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும்போது துருவப் பக்கம் ரொம்ப இழுபட்டுவிடும். நிலநடுக்கோட்டின் அளவுகோலை வைத்து அளந்தால் இதே தூரம் 3,500 கி.மீ. என்று காட்டும்!

நேரம் எவ்வளவு?

விமானத்தின் வேகம் மணிக்கு 800 கி.மீ. என்று வைப்போம். 957 ÷ 800 = சுமார் 1 மணி 12 நிமிடம். ஆனால் கால அட்டவணையில் ஏறக்குறைய 1 மணி 40 நிமிடம் இருக்கும். மீதி அரை மணி எங்கே போச்சு?

1. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும், இறங்கியபின் நிற்கும் இடத்துக்கு வரும் நேரமும் சேரும்.
2. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது.
3. எதிர்க்காற்று மணிக்கு 100 கி.மீ. வீசினால் வேகம் 700 ஆகிவிடும். பத்து நிமிடம் கூடும்.

எரிபொருள் கணக்கு வேறு இருக்கு. மூடுபனியால் லாங்இயர்பியனில் இறங்க முடியாவிட்டால் பக்கத்தில் வேறு பெரிய விமான நிலையம் இல்லை. நார்வேக் கரைக்கே திரும்பணும். அதனால் திரும்பி வருவதற்கும் சேர்த்து எரிபொருள் வேண்டும்.

இந்தத் தூரம் யாருக்கு முக்கியம்?

அந்த ஊர் மக்களுக்குத்தான். அங்கே இருப்பது சிறிய மருத்துவமனை. கடுமையான நோயாளியை ஆம்புலன்ஸ் விமானத்தில் ட்ரோம்சோவின் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே கடல் தாண்டிப் போய்விடுகிறார்கள். இப்போதுள்ள விமான நிலையம் 1975-ல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன், குளிர்காலத்தில் கடல் உறைந்துவிட்டால் பல மாதம் கப்பலே வராது. இன்று நமக்கு வெறும் வகுத்தல் கணக்கு. அங்கே ஒரு நோயாளிக்கு அந்த 1 மணி 40 நிமிடம் உயிர்க்கணக்கு!

செய்து பாருங்கள்: புவியியல் அறையில் இருக்கும் உலக உருண்டையில் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். அந்த நூலை நிலநடுக்கோட்டின் மேல் வைத்து எத்தனை டிகிரி என்று பாருங்கள். 111-ஆல் பெருக்குங்கள். 957-க்குப் பக்கத்தில் வருகிறதா?