அதிகம் புள்ளி எடுத்தவர்தாம் சிறந்த வீரரா?

மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழ்வோருக்கு இரண்டு ஓசைகள் உரியன. ஒன்று, நிலாக் கால இரவில் நீரின் அடியிலிருந்து எழுவதாகச் சொல்லப்படும் மீன்பாட்டு. மற்றையது, மாலை வேளையிற் பாடசாலை முற்றங்களிலே சீமெந்துத் தரையிற் பந்து மோதி எழும் ஓசை. முதலாவதைத் தம் காதாற் கேட்டவர் சிலரே. இரண்டாவதைக் கேளாதவர் இந்நகரில் இல்லை எனலாம்.

கூடைப்பந்தாட்டம் இந்நகரத்தின் செல்லப்பிள்ளை. ஆகவே, பாடசாலைகளுக்கிடையே ஒரு சுற்றுப்போட்டி முடிந்ததும் வீட்டு விறாந்தைகளில் இன்னொரு போட்டி தொடங்கிவிடும். "எங்கட தம்பிதானே ஆகக்கூடப் புள்ளி எடுத்தவன், அவனுக்கு ஏன் சிறந்த வீரன் பரிசு இல்லை?" என்று தாயார் கேட்பார். "அவன் போட்டது கூடத்தான், தங்கச்சி, ஆனால் விட்டது அதைவிடக் கூட" என்று மாமனார் மெல்லச் சொல்வார். பையனோ சோற்றைப் பிசைந்தபடி ஒன்றும் பேசாதிருப்பான். அன்றிரவு அவனுக்குத் தூக்கம் வராது.

இவ்விருவருள் யார் சொல்வது சரி? ஒரு வீரரின் ஆற்றலை எண்களால் அளக்க முடியுமா? முடியுமெனின், எந்த எண்ணால்? இதனைச் சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

கணக்கும் கலையும்

"விளையாட்டைக் கண்ணாற் பார்த்து மகிழ வேண்டியதுதான், அதிற் கணக்கைப் புகுத்தினாற் சுவை கெட்டுவிடும்" என்று சிலர் எண்ணுவர். அவர்களுக்கு நம் மண்ணிலேயே விடை உண்டு. காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்ற சுவாமி விபுலானந்தர், விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றவர். பண்டைத் தமிழரின் யாழையும் அதன் சுரங்களையும் கணித முறையால் ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ்நூல் 1947-இல் வெளிவந்தது. செவிக்கு இனிக்கும் இசையையே கணக்கிட்டு ஆராயலாமெனின், கண்ணெதிரே நிகழும் ஆட்டத்தை ஆராய்வதில் என்ன தடை? கணக்கு இசையைக் கொல்லவில்லை; இசையின் நுட்பத்தை விளங்க வைத்தது. விளையாட்டிலும் அவ்வாறே.

நெற்குவியலும் வயற்பரப்பும்

முதலிற் படுவான்கரை வயல்களுக்குச் சென்று வருவோம். ஒருவர் 120 மூடை நெல் கண்டார். இன்னொருவர் 90 மூடை கண்டார் என வைத்துக்கொள்வோம். குவியலைப் பார்த்தால் முதலாமவரே கெட்டிக்காரர். ஆனால் அவர் விதைத்தது 6 ஏக்கர். மற்றவர் விதைத்தது 3 ஏக்கர். ஏக்கருக்கு முன்னவர் 20 மூடையும் பின்னவர் 30 மூடையும் கண்டிருக்கிறார்கள். இப்பொழுது தீர்ப்பு மாறிவிட்டதன்றோ? இன்னும் ஒரு கேள்வி உண்டு. ஒருவருடைய வயலுக்கு உன்னிச்சைக் குளத்து நீர் பாய்ந்து, மற்றவர் வானத்தையே நம்பி விதைத்தவராயின், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். குவியல், பரப்பு, நீர்வளம் என்னும் மூன்றையும் கேட்ட பின்னரே எந்தக் கமக்காரரும் தீர்ப்புச் சொல்வார்.

இதே மூன்று கேள்விகளையே விளையாட்டு மைதானத்திலும் கேட்க வேண்டும். எவ்வளவு எடுத்தார்? எத்தனை முயற்சியில் எடுத்தார்? எத்தகைய எதிரிகளுக்கு எதிராக எடுத்தார்?

எடுத்துக்காட்டாக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஓர் அணியில் 7-ஆம் இலக்கச் சட்டை அணிந்தவர் மூன்று ஆட்டங்களில் 60 தடவை கூடையை நோக்கி எறிந்து 24 தடவை வெற்றி கண்டார். எல்லாம் இரண்டு புள்ளி எறிகளே. ஆகவே 48 புள்ளிகள். 11-ஆம் இலக்கத்தவர் 25 தடவை எறிந்து 15 தடவை வெற்றி கண்டார்; 30 புள்ளிகள். பலகையைப் பார்த்தவர்கள் 7-ஆம் இலக்கத்தவருக்கே கை தட்டுவார்கள். ஆனால் அவர் ஓர் எறிக்குப் பெற்றது சராசரி 0.8 புள்ளி; மற்றவர் பெற்றது 1.2 புள்ளி. 7-ஆம் இலக்கத்தவரின் 36 எறிகள் தவறின. தவறிய பந்துகளிற் பெரும்பாலானவை எதிரணியின் கைக்குப் போயிருக்கும்.

மேலும், 11-ஆம் இலக்கத்தவர் கொடுத்த பந்துகளால் தோழர்கள் 12 தடவை கூடையை நிறைத்தனர். அதன் பயன் 24 புள்ளி. மற்றவர் கொடுத்தவற்றால் 3 தடவை மட்டுமே. அதன் பயன் 6 புள்ளி. தாம் எடுத்ததையும் பிறர் எடுக்க உதவியதையும் கூட்டினால் இருவருக்கும் 54 என்றே வருகிறது! பலகையில் 18 புள்ளி வேறுபாடாகத் தெரிந்தது, முழுக் கணக்கில் மறைந்துவிட்டது.

மாமனார் வென்றுவிட்டார் என்று அவசரப்பட வேண்டாம். தாயார் பக்கத்திலும் நியாயம் உண்டு. கூடைப்பந்தாட்டத்தில் ஓர் அணி 24 செக்கனுக்குள் எறிந்தாக வேண்டும். நேரம் முடியுந் தறுவாயில், இருவர் மறித்து நிற்க, பந்தை வாங்கி எறியும் கடினமான வேலையை 7-ஆம் இலக்கத்தவரிடமே பயிற்றுநர் ஒப்படைத்திருக்கலாம். 11-ஆம் இலக்கத்தவர் 60 தடவை எறிந்தால் அதே திறமை நிலைக்குமா என்பதும் ஐயமே. எண் பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே அது விடை சொல்லும்.

பலகையிற் காணாத உழைப்பு

றக்பி ஆட்டத்தில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகத் தெரியும். 2023 ஒக்டோபர் 28-ஆந் திகதி பரிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் தென்னாபிரிக்கா 12-11 என நியூசிலாந்தை வென்றது. தென்னாபிரிக்காவின் 12 புள்ளிகளையும் எடுத்தவர் ஹன்ட்றே பொலார்ட் ஒருவரே. நான்கு தண்டனை உதைகள் மூலம் எடுத்தார். ஆயினும் ஆட்ட நாயகன் விருது பீட்டர்-ஸ்டெப் டு டொய்ற் என்பவருக்கே கிடைத்தது. அவர் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. பந்தை ஏந்தி ஓடிவரும் எதிரிகளை அவர் 28 தடவை பிடித்து வீழ்த்தியிருந்தார். ஒரேயொரு புள்ளியால் வென்ற ஆட்டத்தில் அந்த 28 தடுப்புகளின் பெறுமதியை யார் மறுப்பார்? எண்ண வேண்டியது எது என்று அறிந்து எண்ணியதனாலேயே அவ்வுழைப்பு உலகறிய வெளிப்பட்டது.

இதற்கு மறுபுறமும் உண்டு. யாழ்ப்பாணத்து மங்கை தர்ஜினி சிவலிங்கத்தை அறியாத வலைப்பந்தாட்ட ரசிகர் இல்லை. ஆறு அடி பத்து அங்குல உயரம் கொண்ட அவர், 2019-இல் லிவர்பூல் நகரில் நடைபெற்ற உலகக் கிண்ணச் சுற்றுப்போட்டியில் இலங்கைக்காக 348 கோல்கள் போட்டு, உலக வீராங்கனைகள் யாவரிலும் அதிக கோல் பெற்றவரானார். ஆயினும் 16 அணிகள் ஆடிய அப்போட்டியில் இலங்கை 15-ஆம் இடத்தையே அடைந்தது. இதனால் அவர் பெருமை குறையுமா? குறையாது. வலைப்பந்தாட்டத்தில் ஓர் அணியின் எழுவரில் இருவர் மட்டுமே கோல் எறியலாம். கோல் போடுவது அவர் கடமை. அதை அவர் செவ்வனே செய்தார். அணி ஏன் தோற்றது என்பதை அறிய வேண்டுமானால், பந்து எத்தனை தடவை அவரிடம் சேராமலே பறிபோனது, எதிரணியை எத்தனை கோல் போட விட்டோம் என்பவற்றையே எண்ண வேண்டும். 348 என்னும் எண்ணிடம் அக்கேள்வியைக் கேட்பது முறையன்று.

அதிட்டத்தின் பங்கு

மாணவர்கள் இன்றே வீட்டிற் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையைச் சொல்வோம். ஒரு நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டுங்கள். எட்டுத் தடவையோ அதற்கு மேலோ தலை விழுமா? பத்துச் சுண்டல்களில் நிகழக்கூடிய வகைகள் 1,024; அவற்றில் எட்டோ, ஒன்பதோ, பத்தோ தலை விழும் வகைகள் 56. அதாவது ஏறத்தாழப் பதினெட்டுப் பேருள் ஒருவருக்கு அவ்வாறு விழும்.

இப்பொழுது நாணயத்தை விட்டுப் பந்தை எடுப்போம். எட்டு அணிகள், அணிக்கு ஐவராக 40 பேர். ஒவ்வொருவரும் இரண்டில் ஒரு எறியைப் போடக்கூடிய, ஒரே அளவான ஆற்றல் உடையவர் எனக் கொள்வோம். எல்லோரும் பத்துத் தடவை எறிந்தால், அவர்களுள் இருவர் அளவில் எட்டு அல்லது அதற்கு மேல் போட்டு "சுற்றுப்போட்டியின் நாயகர்" ஆகிவிடுவர்! அவர்களிடம் தனித் திறமை ஒன்றும் இல்லை; அன்றைய அதிட்டமே. ஆனால் 100 எறியில் 80 போட்டவரை அவ்வாறு சொல்ல முடியாது. அதிட்டம் அவ்வளவு தூரம் ஒருவருடன் நடந்து வருவதில்லை. மூன்று ஆட்டங்களைக் கொண்டு ஒரு பிள்ளையை உச்சியில் ஏற்றுவதும், மூன்று ஆட்டங்களைக் கொண்டு இன்னொரு பிள்ளையை அணியிலிருந்து நீக்குவதும் இதனாலேயே தவறாகும்.

அளவுகோலையும் அளந்து பார்க்க வேண்டும். 1948-இல் அவுஸ்திரேலியாவின் டொன் பிரட்மன் இங்கிலாந்து செல்லும் வழியிற் கொழும்பு ஓவல் மைதானத்தில் இலங்கையருக்கு எதிராகத் துடுப்பெடுத்தாடினார். 22 யார் இருக்க வேண்டிய ஆடுகளம் இரண்டு யார் குறைவாக இருந்தது பின்னரே தெரியவந்தது. உலகின் தலைசிறந்த துடுப்பாட்ட வீரர் ஆடிய களத்திலேயே அளவு பிழைக்குமாயின், நம் குறிப்பேடுகளில் எவ்வளவு கவனம் வேண்டும்!

வீட்டில் ஒரு குறிப்பேடு

ஆகவே, அடுத்த போட்டிக்குச் செல்லும்போது ஒற்றைக்கோட்டுக் கொப்பி ஒன்றையும் பென்சிலையும் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வரி. எறிந்தவை, விழுந்தவை, கூடையில் விழாது திரும்பிய பந்தைக் கைப்பற்றியவை, தோழர் புள்ளியெடுக்கக் கொடுத்தவை, எதிரியிடம் பறித்தவை, தாம் பறிகொடுத்தவை என ஆறு நிரல்கள் போதும். அதனுடன் இன்னொன்று: ஒருவர் களத்தில் நின்ற நேரத்தில் நம் அணி எடுத்த புள்ளி எத்தனை, கொடுத்த புள்ளி எத்தனை? சில பிள்ளைகள் தம் பெயரில் ஒன்றும் இல்லாதிருப்பர். ஆனால் அவர்கள் களத்தில் நிற்கும்போதெல்லாம் அணி முந்தியிருக்கும். அத்தகையவரைக் கண்டுபிடித்துக் கொடுப்பதே இக்கணக்கின் மிகப் பெரிய பயன் என்போம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எதை எண்ணுகிறோமோ அதையே பிள்ளைகள் செய்வார்கள். புள்ளிக்கு மட்டும் பரிசு வைத்தால், வெறுமையாக நிற்கும் தோழனுக்குப் பந்தைக் கொடுக்க எவனும் முன்வரான். பரிசு கொடுப்போர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். பெற்றோரும் அவ்வாறே. போட்டி முடிந்து வரும் மகனிடமோ மகளிடமோ "எத்தனை போட்டாய்?" என்று மட்டும் கேளாமல், "யாருக்குக் கொடுத்தாய்?" என்றும் கேட்டுப் பாருங்கள். சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும் பிள்ளை தலை நிமிர்ந்து பேசத் தொடங்கும்.

எந்தக் குறிப்பேட்டிலும் அடங்காத கணக்கும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து 1948-இல் இலங்கைக்கு வந்தவர் இயேசுசபைத் துறவி இயூஜின் ஹேபர்ட் அடிகளார். புனித மிக்கேல் கல்லூரியின் மாணவர் பரம்பரைகளுக்குக் கூடைப்பந்தாட்டத்தைக் கற்பித்த அவர், 1990 ஆகஸ்டு மாதத்தில், கலவர நாட்களில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியிற் காணாமற் போனார். பின்னர் அவரைக் கண்டார் இல்லை. பயிற்றுநர் ஒரு புள்ளியும் எடுப்பதில்லை. பலகையில் அவர் பெயர் ஏறுவதில்லை. ஆனால் வாவிக் கரையில் மாலைதோறும் பந்து தரையில் மோதும் ஓசை கேட்கும்வரை, "தோழர் புள்ளியெடுக்கக் கொடுத்தவை" என்னும் நிரலில் அவர் கணக்கு ஏறிக்கொண்டேயிருக்கும்.