இரண்டு மானிட்டர், ஒரு கல்லா

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது, மாலை ஏழு மணி சுமாருக்கு, நமது கடையில் பில் போடும் தம்பி, "அண்ணாச்சி, கம்ப்யூட்டர் நின்னு போச்சு" என்று குரல் கொடுத்தார். போய்ப் பார்த்தோம். திரையில் பாதி போட்ட பில் அப்படியே இருக்கிறது. எந்தக் கீயை அழுத்தினாலும் 'டிங்' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கல்லா முன்னால் பதினைந்து பேர் கூடையுடன் நிற்கிறார்கள். வேறு வழி தெரியாமல் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினோம். கம்ப்யூட்டர் எழுந்தது, பில்லிங் புரோகிராம் எழவில்லை. இரவு பதினொரு மணி வரை கையால் சிட்டை எழுதித்தான் வியாபாரம் நடந்தது.

மறுநாள் சர்வீஸ்காரர் வந்து, முந்தைய இரவின் பேக்கப்பை ஏற்றிக் கொடுத்தார். அன்றைய பகல் முழுவதும் போட்ட பில்கள் போயின. கல்லாவில் பணம் இருக்கிறது, கணக்கில் பில் இல்லை. வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்ட பில் எண்களையே புரோகிராம் மறுபடியும் போடப் பார்த்தது. ஜி.எஸ்.டி.யில் பில் எண் வரிசையாகவும் இருக்க வேண்டும், ஒரே எண் இரண்டு முறையும் வரக்கூடாது. அதைச் சரிக்கட்ட ஆடிட்டர் அலுவலகத்துக்கு இரண்டு நடை நடந்தோம்.

இத்தனைக்கும் காரணம் என்ன தெரியுமா? பிரிண்டரில் பேப்பர் ரோல் தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான்! "பேப்பர் இல்லை" என்று புரோகிராம் ஒழுங்காகச் செய்தி போட்டிருக்கிறது. ஆனால் போட்டது நாம் பார்க்கும் மானிட்டரில் அல்ல. வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்திருந்த இரண்டாவது மானிட்டரில். அதைக் காலையிலேயே அணைத்து, முன்னால் பட்டாசுப் பரிசுப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தோம். மானிட்டரின் பொத்தானை அணைத்தாலும், கேபிள் சொருகியிருக்கும் வரை பெரும்பாலும் கம்ப்யூட்டர் அதை இருப்பதாகவே எண்ணிக்கொள்கிறது. இந்த மாதிரிச் செய்திப் பெட்டிக்குப் பதில் சொல்லாமல் புரோகிராம் அடுத்த வேலைக்கு நகராது. நாம் பார்க்காத திரையில் அது காத்திருக்கிறது. நாம் பிளக்கைப் பிடுங்குகிறோம்.

இதன் பிறகுதான் இந்த இரட்டை மானிட்டர் விவகாரத்தைக் கொஞ்சம் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம்.

ஒரு கம்ப்யூட்டருக்குப் பல திரை என்பது புதிய சங்கதி அல்ல. ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் 2, 1987-லேயே இதைச் செய்தது. விண்டோஸ் 98 ஒன்பது மானிட்டர் வரை ஏற்றுக்கொண்டது. கம்ப்யூட்டரின் கணக்கில் இரண்டு மானிட்டரும் சேர்ந்து ஒரே பெரிய மேஜை. முதன்மை மானிட்டரின் இடது மேல் மூலைதான் பூஜ்யம். அங்கிருந்து புள்ளி எண்ணி ஒவ்வொரு விண்டோவின் இடத்தையும் குறித்துக்கொள்கிறது. பல புரோகிராம்கள் கடைசியாக இருந்த இடத்தை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை அங்கேயே திறக்கும். நமது கடையில் யாரோ ஒரு நாள் அந்தச் செய்திப் பெட்டியை மறுபக்கம் இழுத்துவிட்டிருக்கிறார்கள். அது அங்கேயே குடியேறிவிட்டது.

எனவே, திரை அப்படியே நின்று, கீயை அழுத்தினால் சத்தம் மட்டும் வருகிறதென்றால் பிளக்கில் கை வைக்காதீர்கள். முதலில் மற்ற மானிட்டரைப் போட்டுப் பாருங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் விண்டோஸ் கீயையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் நான்கு வழிகள் வரும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் முதன்மை மானிட்டர் மட்டும் வேலை செய்யும். மறுபக்கம் கிடந்த விண்டோக்கள் இந்தப் பக்கம் வந்து சேரும். ஒரு விண்டோவை மட்டும் கொண்டுவர வேண்டுமானால், அதில் நின்றுகொண்டு விண்டோஸ் கீ, ஷிப்ட், பக்கவாட்டு அம்புக் கீ மூன்றையும் அழுத்த வேண்டும். இது 2009-ல் விண்டோஸ் 7-இல் வந்த வசதி, இன்றும் உண்டு.

அதே நான்கு வழிகளில் இரண்டாவது 'டூப்ளிகேட்', மூன்றாவது 'எக்ஸ்டெண்ட்'. வாடிக்கையாளர் பக்கம் மானிட்டர் வைத்திருப்பவர்கள் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. டூப்ளிகேட் என்றால் நாம் பார்ப்பதெல்லாம் அவரும் பார்ப்பார். நமக்குத் தெரிந்த ஒரு எண்ணெய் வியாபாரி, டின் ஒன்றின் கொள்முதல் விலையைப் பார்க்கத் திறந்தார்; எதிரே நின்றவரும் பார்த்துவிட்டார். அதன் பிறகு அங்கே நடந்த பேரத்தை நாம் எழுத வேண்டியதில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஒரே மானிட்டர் போதாதா என்று கேட்கலாம். கல்லாவுக்குப் போதும். கணக்கு மேஜைக்குப் போதாது. மாதா மாதம் ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு இது தெரியும். நமக்குச் சரக்கு கொடுத்தவர் தமது ரிட்டர்னில் அந்த பில்லைக் காட்டி, அது நமது ஜி.எஸ்.டி.ஆர். 2பி அறிக்கையில் வந்தால்தான், 2022 ஜனவரி 1 முதல், அந்த வரியை நாம் கழித்துக்கொள்ள முடியும். ஒரு பக்கம் கொள்முதல் ரிஜிஸ்தர், மறுபக்கம் 2பி என்று வைத்து பில் பில்லாக டிக் அடிக்க வேண்டிய வேலை இது. அந்தக் காலத்தில் சிட்டையையும் பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துத்தானே ஒப்புநோக்கினோம்? ஒன்றை மூடி ஒன்றைத் திறந்துகொண்டிருந்தால் 18,450 என்பது மனதில் 18,540 ஆகிவிடுகிறது. நமக்கு ஆகியிருக்கிறது.

ஆனால் எல்லாப் புரோகிராமும் இரண்டு திரைக்கு ஒத்துவருவதில்லை. எக்ஸெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010 பதிப்பு வரை எத்தனை பைல் திறந்தாலும் எல்லாம் ஒரே பெரிய சட்டத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும். இரண்டு மானிட்டருக்குப் பிரித்து வைக்க, அந்தச் சட்டத்தையே இரண்டுக்கும் குறுக்கே இழுத்து நீட்ட வேண்டியிருந்தது. 2013 பதிப்பு முதல் ஒவ்வொரு பைலும் தனி விண்டோ. கடைகளில் இன்றும் ஓடும் பழைய பில்லிங் புரோகிராம்கள் பல அந்தப் பழைய சட்டத்து ரகம்தான். உள்ளே இருக்கும் சிறு விண்டோவை விளிம்புக்கு வெளியே இழுத்துப் பாருங்கள்; விளிம்பில் வெட்டுப்பட்டு மறைந்தால் அதே ரகம். அதற்காகப் புரோகிராமை இரண்டு முறை திறந்து வைக்கலாமா என்பதை விற்றவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். ஒரே டேட்டாவில் இரண்டு பேர் எழுதுவது போன்ற காரியம் அது.

பிரவுசரில் வேலை சுலபம். மேலே வரிசையாக நிற்கும் டேப்களில் ஒன்றைப் பிடித்துக் கீழே இழுத்தால் தனி விண்டோவாகக் கழன்று வரும். பக்கத்து மானிட்டரில் விட்டுவிடலாம். 2008-ல் குரோம் வந்தபோதே இந்த வசதி இருந்தது. ஆனால் விண்டோ இரண்டானாலும் லாகின் ஒன்றுதான். தமது பெயரில் ஒரு பதிவும் வீட்டம்மா பெயரில் ஒரு பதிவும் வைத்திருப்பவர்கள், ஒரே பிரவுசரில் இரண்டையும் திறக்கப் பார்த்தால் ஒன்று மற்றதைத் தள்ளிவிடும். இரண்டாவதற்கு வேறு பிரவுசரைத் திறந்துகொள்வதே நல்லது.

பிரவுசர் டேப்பை இழுத்த பழக்கத்தில் எக்ஸெல்லின் அடியில் இருக்கும் ஷீட் டேப்பை இழுத்துவிடக் கூடாது. அது தனி விண்டோவாகக் கழலாது. பக்கத்து மானிட்டரில் திறந்திருக்கும் வேறு பைலின் ஷீட் வரிசையில் விட்டால், அந்த ஷீட்டே இங்கிருந்து அங்கே போய்விடும். 'அண்டூ' கொடுத்தாலும் திரும்பாது. ஒரே பைலின் இரண்டு ஷீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க 'வியூ' பகுதியில் 'நியூ விண்டோ' என்று இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, பார்கோடு ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு. பெரும்பாலான ஸ்கேனர்கள் கம்ப்யூட்டரின் பார்வையில் ஒரு கீபோர்டுதான். மானிட்டர் இரண்டு இருந்தாலும் கீபோர்டு பேசுவது ஒரே ஒரு விண்டோவுடன். கடைசியாக எதைக் கிளிக் செய்தோமோ அதனுடன். ஸ்டாக் ஷீட்டில் ஒரு கிளிக் செய்துவிட்டு, சோப்பை ஸ்கேன் செய்தால் பில்லில் சோப்பு ஏறாது. ஷீட்டில் துவரம் பருப்பின் மூட்டைக் கணக்கு இருந்த கட்டத்தில் பதின்மூன்று இலக்க எண் ஒன்று உட்கார்ந்திருக்கும். சோப்பு இலவசமாகப் போய்விடும், பருப்புக் கணக்கும் போய்விடும். ஆகையால் பில் போடும் கம்ப்யூட்டரில் ஸ்டாக் ஷீட்டைத் திறக்கும் வழக்கத்தை நமது கடையில் நிறுத்திவிட்டோம்.

புதிதாக இரண்டாவது மானிட்டர் போட நினைப்பவர்கள் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். விஜிஏ, எச்டிஎம்ஐ என்று இரண்டு சொருகு இருந்தால் பெரும்பாலும் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்; மூலையில் கிடக்கும் பழைய மானிட்டரே போதும், ஒரு கேபிள் வாங்கினால் சரி. தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டரானால் இரண்டு கேபிளையும் கார்டிலேயே சொருகுங்கள். கார்டு போட்டதும் போர்டின் சொருகு அணைந்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. நமது கடையின் வாடிக்கையாளர் மானிட்டரைக் கழற்றிக் கணக்கு மேஜைக்குக் கொண்டுபோய்விட்டோம். கல்லாவில் இப்போது ஒன்றுதான். பக்கத்தில் ஒரு பேப்பர் ரோல் உபரியாக.