பழைய டிரைவர் ஏன் ஜெயிக்கிறது?

ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனம் ஆலை திறந்தது 2007இல். அதே ஊரில் பிளெக்ஸ் என்ற நிறுவனத்தின் ஆலையில் எச்.பி. மடிக்கணினிகள் தயாராகத் தொடங்கியது 2021இல். அங்கிருந்து பெட்டியில் ஏறும் ஒவ்வொரு லேப்டாப்பின் அடியிலும் ஸ்டிக்கர் இருக்கும். அதில் அச்சாகாத இன்னொரு எண்ணும் கூடவே போகிறது: டெல் என்றால் 1028, எச்.பி. என்றால் 103சி. உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் அதைச் செய்தவரின் எண் உண்டு. ஏஎம்டிக்கு 1002. இன்டெல் தனக்கு வைத்துக்கொண்டது 8086, தன்னுடைய புகழ்பெற்ற 1978ஆம் வருட பிராசசரின் பெயர்.

ஆக, ஒரே சிப்புக்கு இரண்டு சொந்தக்காரர்கள்: அதைச் செய்தவரும், லேப்டாப்பில் பொருத்தியவரும். புதிய கிராபிக்ஸ் டிரைவர் போட்டுவிட்டுத் தூங்கி எழுந்தால் பழையது திரும்ப வந்து உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

ஏஎம்டி சிப் உள்ள லேப்டாப்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஏஎம்டி தளத்திலிருந்து புத்தம்புது டிரைவரை இறக்கிப் போடுவார்கள். சில நாள் கழித்து அதன் மென்பொருளைத் திறந்தால், ‘உங்கள் டிரைவரை விண்டோஸ் அப்டேட் மாற்றியிருக்கலாம், இரண்டும் பொருந்தவில்லை’ என்று ஓர் அறிவிப்பு நிற்கும். விண்டோஸுக்குத் தேதி பார்க்கத் தெரியவில்லை என்று திட்டுகிறோம். தேதி பார்க்கத் தெரியும். ஆனால் அதைக் கிட்டத்தட்டக் கடைசியில்தான் பார்க்கும்.

ஒரு சாதனத்துக்குப் பல டிரைவர்கள் பொருந்தினால், விண்டோஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு தரவரிசை எண் போடுகிறது. குறைந்த எண்ணுக்கே வெற்றி. முதலில் டிஜிட்டல் கையொப்பம் சரியா என்று பார்க்கும். பிறகு, டிரைவரில் எழுதியிருக்கும் அடையாளம் இந்தச் சாதனத்தோடு எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிறது என்று பார்க்கும். சிப் நிறுவனத்தின் பொது டிரைவர் பெரும்பாலும் சிப்பின் எண்ணை மட்டும் சொல்லும். லேப்டாப் நிறுவனம் தரும் டிரைவரோ சிப் எண்ணோடு 1028, 103சி போன்ற எண்ணையும், மாடலையும் சேர்த்துச் சொல்லும். ‘ஒரகடம்’ என்று மட்டும் எழுதிய கடிதமும், கதவு எண், தெரு எல்லாம் எழுதிய கடிதமும் ஒரே நேரத்தில் வந்தால் தபால்காரர் எதை முதலில் சேர்ப்பார்? இந்தச் சுற்றுகளிலும் சமநிலை வந்தால்தான் தேதி, அதற்கும் பிறகே வெர்ஷன் எண்.

தேதியை வைத்தே ஒரு விளையாட்டும் நடக்கிறது. விண்டோஸோடு கூடவே வரும் மைக்ரோசாஃப்டின் சொந்த டிரைவர்கள் பலவற்றில் 2006 ஜூன் 21 என்றே போட்டிருக்கும். இன்டெல்லின் சிப்செட் டிரைவர்களில் 1968 ஜூலை 18, அதாவது அந்த நிறுவனம் பிறந்த நாள்! வேறு யாராவது பொருத்தமான டிரைவர் கொடுத்தால் அதற்கு வழிவிட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே எழுதிய பழைய தேதிகள் இவை. டிவைஸ் மேனேஜரில் 1968ஐப் பார்த்து வைரஸ் என்று பயந்தவர்கள் உண்டு.

லேப்டாப் நிறுவனத்தின் டிரைவர் பழையதாக இருப்பதற்கும் நியாயம் இருக்கிறது. திரையின் வெளிச்சம், மூடித் திறந்தால் விழிப்பது, சூடு, பேட்டரி எல்லாவற்றையும் அந்த மாடலில் சோதித்த பிறகே அதை வெளியிடுகிறார்கள். சோதிக்காததை நம்பினால் என்ன ஆகும்? கிராபிக்ஸ் டிரைவரின் ஒரு பகுதி இயங்குதளத்தின் கருவறைக்குள்ளேயே ஓடுகிறது. சிப் இரண்டு விநாடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை மீண்டும் துவக்குகிறது. திரை ஒரு கணம் கறுத்து மீள்வது அதனால்தான். மீளாவிட்டால் நீலத்திரை.

ஒரகடம் பக்கத்து வாகன உதிரிபாகக் கம்பெனிகளில் கேட் மென்பொருளில் வரைகிறவர்களுக்குப் பிரச்சினை வேறு விதம். சாலிட்வொர்க்ஸ் போன்றவை எந்த கார்டுக்கு எந்த டிரைவர் வெர்ஷன் என்று சோதித்துச் சான்றளித்த பட்டியலே வைத்திருக்கின்றன. அங்கே மிகப் புதியதும் வேண்டாம், மிகப் பழையதும் வேண்டாம். பட்டியலில் இருப்பது அசையாமல் இருந்தால் போதும். விளையாட்டுப் பிரியர்கள் புதியதற்காகச் சண்டை போடுகிறார்கள், இவர்கள் நிலையானதற்காக. இரண்டு பேருக்கும் மருந்து ஒன்றுதான்: விண்டோஸ் தானாக டிரைவரை மாற்றாதபடி பூட்டுவது.

இந்தச் சண்டை பழையது. 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளியாவதற்கு முன்பே, என்விடியா கார்டுக்காரர்களின் டிரைவரை விண்டோஸ் அப்டேட் ஒரு பக்கமும் என்விடியாவின் மென்பொருள் மறுபக்கமும் இழுத்தன. குறிப்பிட்ட ஓர் அப்டேட்டை மட்டும் மறைத்துவைக்கும் சிறு கருவியை அப்போது மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. பிறகு புரோ பதிப்புகளில் முறையான பூட்டு வந்தது. குரூப் பாலிசி எடிட்டரில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குள் ‘டூ நாட் இன்க்லூட் டிரைவர்ஸ் வித் விண்டோஸ் அப்டேட்ஸ்’ என்றிருக்கும். அதை ‘எனேபிள்ட்’ ஆக்கினால் பாதுகாப்பு அப்டேட்கள் வரும், டிரைவர்கள் வராது. ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் கிடையாது. அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் ஹார்ட்வேர் என்ற தாவலுக்குப் போய், டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸில் ‘நோ’ கொடுக்கலாம். இது அவ்வளவு கறாரான பூட்டு இல்லை. கம்பெனி கொடுத்த லேப்டாப் என்றால் எதையும் தொடாமல் ஐ.டி. பிரிவில் சொல்லிவிடுவது நல்லது.

விண்டோஸ் அப்டேட் சர்வீஸையே மொத்தமாக நிறுத்திவிடுங்கள் என்று சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். ஒரு டிரைவருக்காகப் பாதுகாப்புத் திருத்தங்கள் அத்தனையையும் இழப்பது மடத்தனம். பூட்டுப் போட்டால் வைஃபை, புளூடூத் டிரைவர்களும் தானாக வராது என்பது நினைவில் இருக்கட்டும்; அவற்றையும், கிராபிக்ஸ் டிரைவரின் பாதுகாப்புத் திருத்தங்களையும் இனி நீங்கள்தான் தேடிப் போட வேண்டும்.

ஏற்கெனவே மாறிவிட்டதா என்று பார்க்க டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ், பிராப்பர்ட்டீஸ், டிரைவர் என்று போக வேண்டும். என்விடியா என்றால் அங்கே 31.0.15.5222 என்பதுபோல நீளமாக இருக்கும். கடைசி ஐந்து இலக்கங்களை மட்டும் எடுத்துப் புள்ளி வைத்தால் 552.22, என்விடியா தளத்தில் பார்க்கும் வெர்ஷன் அதுதான். மாறியிருந்தால் அதே பெட்டியில் ‘ரோல் பேக் டிரைவர்’ பொத்தான் இருக்கும். அது மங்கிக் கிடந்தால், முதலில் பூட்டைப் போட்டுவிட்டு, பிறகு வேண்டிய டிரைவரைப் புதிதாக நிறுவுங்கள்.