இரண்டு ஜாபிதாக்களை ஒத்துப் பார்த்தல்

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர் அதன் அங்கத்தினர் ஜாபிதாவில் இருக்கிறது. அதில் பெயர் இருப்பவருக்கே வாக்குரிமை உண்டு. அங்கத்தினர் கடனும் லாபப் பங்கீடும் உண்டு. பெயர் விடுபட்டவர் இருபது ஆண்டு தறியில் உழைத்தவராயினும், மூன்று தலைமுறையாக நிலம் உழுதவராயினும், காகிதத்தின் முன் அந்நியராகிவிடுகிறார். ஆதலால் ஜாபிதா சரியாக இருக்கிறதா என்பதைப் பார்ப்பது காரியதரிசியின் வேலை மட்டுமன்று; அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய விஷயமாகும்.

சென்னை ராஜதானியில் கூட்டுறவு இயக்கத்தின் முதல் விதை, 1904ஆம் ஆண்டில், பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் ஊன்றப்பட்டது. அன்று முதல் நெடுங்காலம் நம் கணக்குகள் தடித்த பேரேடுகளிலேயே வாழ்ந்துவந்தன. இப்பொழுது அவை கணினிக்குக் குடிபெயர்கின்றன. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. குடிபெயரும்போது வீட்டுச் சாமான்கள் சில தவறிப்போவதைப் போலவே, பேரேட்டிலிருந்து கணினிக்குச் செல்லும் பெயர்களிலும் சில தவறிப்போகின்றன. அவற்றைக் கண்டுபிடிக்கும் முறையை இங்கே கூறுவோம்.

கூட்டுத்தொகை போதாது

ஒரு சங்கத்தின் பேரேட்டில் 642 பெயர்களும், கணினி ஜாபிதாவில் 640 பெயர்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டே பெயர்கள்தாம் விடுபட்டன என்று பலரும் எண்ணுவர். அது பிழை. அங்கத்தினர் எண்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தால், இரண்டிலும் இருப்பவை 633 என்றும், பேரேட்டில் மட்டும் இருப்பவை 9 என்றும், கணினியில் மட்டும் இருப்பவை 7 என்றும் தெரியவரலாம். வித்தியாசம் 2, ஆயின் விசாரிக்க வேண்டியவை 16!

இரண்டு ஜாபிதாக்களின் மொத்தமும் ஒன்றாகவே இருந்தாலும் நிம்மதி கொள்வதற்கில்லை. வெளியே விடுபட்ட ஒருவரை, உள்ளே தவறாகப் புகுந்த ஒருவர் மறைத்துக்கொண்டிருக்கலாம். பாவில் இத்தனை இழைகள் என்று எண்ணிச் சொல்வதால் எந்த இழை அறுந்தது என்று விளங்கிவிடாது என்பதை நெசவாளர் அறிவர். ஆகவே முதலாவதைக் கொண்டு இரண்டாவதையும், பின்னர் இரண்டாவதைக் கொண்டு முதலாவதையும், இருமுறை பார்த்தே தீர வேண்டும்.

எதைக் கொண்டு ஒப்பிடுவது?

பெயரைக் கொண்டு ஒப்பிடுதல் ஆபத்தானது. நம் ஊரின் பெயரையே பாருங்கள். தமிழில் கூடுவாஞ்சேரி என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது அதன் கடைசி எழுத்தை ஒருவர் 'ஐ' என்றும் மற்றொருவர் 'ஒய்' என்றும் இடுகின்றனர். கணினிக்கு இவை இரண்டு ஊர்கள். தலைப்பெழுத்தை முன்னால் வைப்பதும் பின்னால் வைப்பதும், புள்ளி இடுவதும் இடாததும், ஒரே மனிதரை இருவராக்கிவிடும்.

விலாசமும் இத்தகையதே. நம் ஜில்லாவின் பெயர் செங்கற்பட்டு என்றிருந்து, பின்னர் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமாகி, 1997இல் காஞ்சிபுரம் மாவட்டமாகி, 2019 நவம்பரில் மறுபடியும் செங்கல்பட்டு மாவட்டமாயிற்று. இடம் பெயராத ஒரு குடியானவரின் விலாசம், ஏடுகளில் நான்கு விதமாக இருக்கக்கூடும்.

ஆதலால், மாறாததும் ஒருவருக்கு ஒன்றே உரியதுமான எண்ணைக் கொண்டே ஒப்பிட வேண்டும். அங்கத்தினர் எண் அதற்கு ஏற்றது. எண்கள் ஒத்துவந்த பிறகு, அந்த எண்ணுக்குரிய பெயரும் பங்குத் தொகையும் இரண்டிலும் ஒன்றாக உள்ளனவா என்று அடுத்தபடியாகப் பார்க்கலாம்.

கணினியில் செய்யும் முறை

எக்ஸெல் போன்ற விரிதாளில் இவ்வேலை எளிது. முதலில் இரண்டு ஜாபிதாக்களுக்கும் நகல் எடுத்து, மூலத்தைத் தொடாமல் வைத்துவிட வேண்டும். நகல்களைத் தனித்தனித் தாளில் இட்டு, எண்களின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடங்களை 'ட்ரிம்' என்னும் சூத்திரத்தால் நீக்க வேண்டும்.

பின்னர் முதல் தாளில் ஒரு புதிய நெடுவரிசையை அமைத்து, 'கவுண்ட்இஃப்' என்னும் சூத்திரத்தை இட வேண்டும். இவ்வரியில் உள்ள எண், இரண்டாம் தாளின் எண் வரிசையில் எத்தனை முறை வருகிறது என்பதை அது எண்ணிச் சொல்லும். விடை 1 ஆனால் சரி. 0 ஆனால் அங்கே அவர் இல்லை. 2 அல்லது அதற்கு மேலானால் ஒருவரே பலமுறை பதிவாகியிருக்கிறார் என்று கொள்க. இதனையே இரண்டாம் தாளிலும் திருப்பிச் செய்ய வேண்டும். சூத்திரத்தைக் கீழே நகலெடுக்கையில் தேடும் எல்லையும் சேர்ந்து நகர்ந்துவிடாதபடி, அவ்வெல்லைக்கு டாலர் குறி இட்டுப் பூட்டுவது அவசியம்.

சில குழிகளையும் அறிந்திருத்தல் நலம்:

1. 0412 என்பதும் 412 என்பதும் நமக்கு ஒன்றே. ஆயின் ஓரிடத்தில் எழுத்தாகவும் ஓரிடத்தில் எண்ணாகவும் பதிவாகியிருந்தால், 'வி-லுக்கப்', 'மேட்ச்' போன்ற சூத்திரங்கள் அவற்றை வேறாகக் கருதும்.

2. 'வி-லுக்கப்' சூத்திரத்தின் கடைசியில் 'ஃபால்ஸ்' என்று குறிப்பிடாவிடில், அது அணுக்கமான வேறொரு விடையைத் தந்துவிடும். விடை வந்ததே என்று மகிழ்ந்து ஏமாறக்கூடாது.

3. எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். அதனினும் நீண்ட வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகவே பதிந்தால், மிகுதி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். எழுத்தாகப் பதிந்தாலும் 'கவுண்ட்இஃப்' அதனை எண்ணாகவே பாவிப்பதால், முதல் 15 இலக்கங்கள் ஒத்த இரு கணக்குகளை ஒன்றெனச் சொல்லும். அத்தகைய எண்களை எழுத்தாகப் பதிந்து, 'மேட்ச்' சூத்திரத்தால் பார்ப்பதே பத்திரமானது.

4. தமிழில் துணைக்காலுக்குப் பதிலாக 'ர' என்னும் எழுத்தை அடித்திருப்பதும் உண்டு. கண் ஏமாந்தாலும் கணினி ஏமாறாது.

கண்டபின் செய்ய வேண்டியது

நாம் கூறிய உதாரணத்திற்குத் திரும்புவோம். பேரேட்டில் மட்டும் 9. கணினியில் மட்டும் 7. இவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோது, 418 என்பது 481 என்று பதிவானதைப் போல, இலக்கம் இடம் மாறியவை நான்கு எனத் தெரிகின்றன. பக்கத்திலிருக்கும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால், வித்தியாசம் எப்பொழுதும் 9ஆல் மீதமின்றி வகுபடும் என்பது கணக்கர்களின் பழைய சூத்திரம். 481இல் 418 போக 63. அது ஏழு ஒன்பது.

எஞ்சியவை பேரேட்டில் 5, கணினியில் 3. பேரேட்டின் ஐவரில் இருவர் காலமானவர்கள். பேரேட்டில் அதனைக் குறிக்கவில்லை. மூவர் உயிரோடு இருப்பவர்கள். பதிவு செய்கையில் விடுபட்டுப் போனார்கள். கணினியின் மூன்றில் ஒருவர் நிர்வாகக் குழுவின் தீர்மானப்படி புதிதாகச் சேர்ந்தவர். பேரேட்டில் இன்னும் ஏறவில்லை. மற்ற இரண்டு, முன்பே உள்ளவர்கள் வேறு எண்ணில் மறுபடியும் பதிவானவை. இப்பொழுது திருத்துவோம். பேரேட்டின் 642இல் இருவரை நீக்கி ஒருவரைச் சேர்த்தால் 641. கணினியின் 640இல் இரண்டை நீக்கி மூவரைச் சேர்த்தால் 641. இரண்டும் ஒன்றாயின!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கணினி 'இல்லை' என்று சொன்ன 16 இடங்களிலும் காரணம் ஒன்றன்று. கணினி வேற்றுமையைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. காரணத்தை மனிதர்தாம் விசாரித்து அறிய வேண்டும். விசாரணையின்றி ஒரே அடியாக நீக்கியிருந்தால், அந்த மூன்று அங்கத்தினர்களும் தம் சங்கத்தையே இழந்திருப்பர்.

நம் நாட்டில் நடந்தவை

ஒப்பிடாமல் விடுவதால் வரும் தீங்கிற்கும் உதாரணம் உண்டு. விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதம மந்திரி கிசான் திட்டத்தில், 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தகுதியற்றோர் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. கடலூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் ஆகிய மாவட்டங்களில் இம்முறைகேடு பெரிதும் பேசப்பட்டது. தவறாகச் சென்ற தொகை சுமார் 110 கோடி ரூபாய் என்று அரசு அப்போது தெரிவித்தது. பணம் சென்ற பின்னர் அதனைத் திரும்பப் பெறுவது எத்தனை சிரமம்!

ஒப்பிட்டுப் பார்த்ததற்கும் உதாரணம் உண்டு. கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரை வைத்துப் பெற்ற நகைக் கடன் தள்ளுபடி செய்யப்படும் என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 48 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்களின் விவரங்கள், ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றோடு சேர்த்து ஆராயப்பட்டன. ஒரே குடும்பத்தினர் பல இடங்களில் பெற்ற கடன்கள் அதனால் ஒன்றுசேர்ந்து தெரிந்தன. 35 லட்சத்துக்கும் மேற்பட்டவை தகுதி பெறவில்லை. இத்தகைய பெரிய காரியத்தில் குடும்ப அட்டையின் ஓர் இலக்கம் பிழையாக இருந்தாலும், ஓர் ஏழைக் குடும்பத்தின் தாலி மீளுமா மீளாதா என்பது அதனால் மாறிவிடக்கூடும்.

அங்கத்தினர் கடமை

கூடுவாஞ்சேரி, நந்திவரம், ஊரப்பாக்கம் பக்கங்களில் வயல்கள் மனைகளாகிவிட்டன. நிலம் விற்றவர்கள் வேற்றூர் சென்றுள்ளனர். இங்கே ஜாபிதாவும் மனிதரும் விலகிப்போவது எளிது. ஆதலால் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் பாஸ் புத்தகத்தைச் சங்கத்திற்கு எடுத்துச் சென்று, எண், பெயர், பங்குத் தொகை, கடன் பாக்கி ஆகிய நான்கையும் கணினிப் பதிவோடு ஒத்துப் பார்த்துக்கொள்க. காலமான பெற்றோரின் பங்கு பற்றி எழுத்து மூலம் தெரிவியுங்கள். சங்கத்தாரும், ஒத்து வராத பெயர்களை அறிவிப்புப் பலகையில் இட்டு, உரியவரை அழைத்து விசாரித்து, நிர்வாகக் குழுவின் தீர்மானம் பெற்ற பின்னரே எந்தப் பெயரையும் நீக்குக.

ஜாபிதாவில் ஒரு வரி என்பது ஒரு குடும்பம். அதனை அடிக்குமுன் அந்த வீட்டின் கதவை ஒருமுறை தட்டிக் கேட்பதே கூட்டுறவாகும்.